காப்பிப் பழம் ஒரே சீராகப் பழுக்க ஊக்கி மருந்து: எப்போது அடிக்கலாம், எப்போது கூடாது?

நவம்பர் மாதத்தில் காப்பிச் செடியின் ஒரு கிளையைப் பிடித்துப் பார்த்தால் கரும்பச்சைக் காய், மஞ்சள் ஓடிய காய், சிவந்த பழம், கறுத்து வற்றிய பழம் என நான்கும் ஒரே கணுவில் இருக்கும். நெல்லையோ கடலையையோ போல ஒரு நாள் குறித்து ஆள் இறக்கி முடித்துவிடக் கூடிய அறுவடை அல்ல இது. பழுத்ததை மட்டும் பார்த்துப் பறித்துவிட்டு, பத்துப் பதினைந்து நாள் கழித்து மறுபடியும் அதே செடிக்கு வர வேண்டும். இப்படி நான்கு தடவை, சில ஆண்டுகளில் ஐந்தாறு தடவைகூட ஆகிவிடுகிறது. முதல் பறிப்பிலும் கடைசிப் பறிப்பிலும் ஆளுக்குக் கிடைக்கும் பழம் கூலிக்கே கட்டுவதில்லை.

மலையில் பறிப்புக்கு ஆள் கிடைப்பது ஆண்டுக்கு ஆண்டு சிரமமாகி வருகிறது. இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் வைத்திருப்பவர் பெரிய எஸ்டேட்டுகளோடு போட்டியிட்டு ஆள் பிடிக்க வேண்டும். ஆள் வந்த அன்றைக்கே பச்சையும் பழமுமாக ஒட்ட உருவிவிடலாம் என்ற எண்ணம் வருவது இயற்கை. அப்படி உருவிய காப்பிக்கு வியாபாரி என்ன விலை சொல்வார் என்பதும் தெரிந்ததே.

இந்த நிலையில்தான் பழத்தைச் சேர்ந்தாற்போல் பழுக்க வைக்கும் ஊக்கி மருந்து பற்றிய பேச்சு வருகிறது. எத்திபான் என்பது மருந்தின் பெயர். எத்ரல் என்ற வணிகப் பெயரில் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். அன்னாசியைப் பூக்க வைக்கவும், ரப்பரில் பால் கூடவும் பயன்படும் அதே மருந்துதான் இது. காப்பியில் இது வேலை செய்யும் என்பதில் ஐயமில்லை. ஆனால் என்ன வேலை செய்யும், என்ன வேலை செய்யாது என்பதைப் பிரித்துத் தெரிந்துகொள்ளாமல் அடித்தால், சிவப்புத் தோலுக்குள் பிஞ்சுக் கொட்டையைப் பறித்து வீட்டுக்குக் கொண்டுவர நேரும்.

பூவில் தொடங்கும் ஏற்றத்தாழ்வு

காய் ஒரே சீராகப் பழுக்காததற்கு முதற்காரணம் பூ ஒரே நாளில் பூக்காததுதான். காப்பியின் பூ மொட்டுகள் பனிக்கால வறட்சியில் வளராமல் உறங்கிக் கிடக்கும். மார்ச், ஏப்ரலில் ஓர் அங்குல அளவுக்கு நல்ல பூமழை பெய்தால் எட்டுப் பத்து நாளில் தோட்டம் முழுவதும் வெள்ளை வெளேரென்று பூத்துவிடும். அந்த ஆண்டு காய் ஏறக்குறைய ஒரே வயதில் இருக்கும்.

பூமழை அரையும் காலுமாகத் தவணையில் பெய்யும் ஆண்டில் கதை வேறு. முதல் தூற்றலுக்கு முற்றிய மொட்டுகள் மட்டும் விரியும். மற்றவை அடுத்த மழைக்குக் காத்திருக்கும். அரபிகா பூத்ததிலிருந்து பழுக்க எட்டு முதல் ஒன்பது மாதம் ஆகிறது. ரொபஸ்டாவுக்குப் பத்துப் பதினோரு மாதம். பூவில் ஐந்து வார வித்தியாசம் இருந்தால் பழத்திலும் அந்த வித்தியாசம் தொடரும்.

இதற்கு மேல் நிழலும் இடமும் சேர்ந்துகொள்கின்றன. வெயில் படும் பக்கத்துக் காய் முன்னதாகவும், அடர்ந்த நிழலில் இருப்பது பின்னதாகவும் பழுக்கும். ஒரே தோட்டத்தில் மேட்டுப் பகுதிக்கும் பள்ளத்துக்கும், ஒரு ரகத்துக்கும் மற்றொரு ரகத்துக்கும் நாள் வேறுபடும். தமிழ்நாட்டு மலைகளில் இன்னொரு தொல்லையும் உண்டு. வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் காலமே இங்கே அரபிகா பழுக்கும் காலம். செடியில் காத்திருக்கும் பழம் மழையில் வெடிக்கிறது, உதிர்கிறது. பறித்ததைக் காய வைக்க வெயில் இல்லை. பறிப்பு நீள நீள இழப்பும் கூடுகிறது.

வாழைத்தாருக்கு மூட்டம் போடுவது போல

வாழைத்தாரை அறையில் அடைத்து மூட்டம் போடுவதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். அந்தப் புகையில் உள்ள எத்திலீன் என்ற வாயுதான் தாரைப் பழுக்க வைக்கிறது. மாங்காயை வைக்கோலில் புதைத்தால் விரைவில் பழுப்பதும், காயிலிருந்தே வெளிப்படும் எத்திலீன் வெளியேறாமல் உள்ளேயே தங்குவதால்தான். காப்பிக் காயும் முற்றியதும் தானே எத்திலீனை உண்டாக்கிக்கொள்கிறது. அதன் பிறகே தோல் மஞ்சளாகிச் சிவக்கிறது. சதை இளகிக் கொட்டையை விடுகிறது. காம்பின் பிடி தளர்கிறது.

தோட்டத்தில் மூட்டம் போட முடியாது. அதற்கு வழியாக வந்ததே எத்திபான். இது புளிப்புத் தன்மையுள்ள திரவம். புட்டியில் இருக்கும் வரை அந்தப் புளிப்பினால் கெடாமல் இருக்கும். இலையிலும் காயிலும் பட்டு உள்ளே இறங்கியதும், செடியின் சாற்றில் புளிப்பு குறைவாக இருப்பதால், சிதைந்து எத்திலீனை வெளிவிடும். அதாவது காய்க்குள்ளேயே மூட்டம் போட்டது போல ஆகிறது.

காப்பியில் இதைச் சோதித்துப் பார்த்தது புதிதல்ல. கென்யா நாட்டில் பிரவுனிங், கேனல் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் அரபிகாவில் செய்த சோதனைகளை 1970-ல் வெளியிட்டார்கள். பழம் விரைவில் பழுப்பதையும், காம்பிலிருந்து எளிதில் கழன்று வருவதையும் சேர்த்தே அவர்கள் ஆராய்ந்தார்கள். பிறகு ஆஸ்திரேலியா, பிரேசில், ஹவாய்த் தீவுகள் என இயந்திரத்தால் காப்பி பறிக்கும் இடங்களில் இது பற்றி அதிக அக்கறை காட்டினார்கள். இயந்திரம் பச்சை எது, பழம் எது என்று பார்த்துப் பறிக்காது அல்லவா? இந்தியாவிலும் எத்திபான் 39 சதக் கரைசலுக்குப் பதிவு செய்யப்பட்ட பயன்களில் காப்பிப் பழத்தைச் சீராகப் பழுக்க வைப்பது ஒன்று.

சந்தையில் காயைப் பழுக்க வைக்கப் பயன்படுத்தித் தடை செய்யப்பட்ட கார்பைடு கல்லோடு இதைச் சிலர் குழப்பிக்கொள்கிறார்கள். இரண்டும் வேறு வேறு பொருள்கள்.

தோல் சிவக்கும், கொட்டை முற்றாது

விவசாயி மனதில் இருத்த வேண்டிய செய்தி இதுதான். மருந்து பழத்தின் தோலையும் சதையையும் பழுக்க வைக்கும். உள்ளே இருக்கும் கொட்டையை முற்ற வைக்காது. வாழையிலும் மாவிலும் நாம் உண்பது சதையை. சதை பழுத்தால் போதும். காப்பியில் விலை கொட்டைக்குத்தான். கொட்டைக்கு வேண்டிய சத்து இலையிலிருந்து நாளாக நாளாகத்தான் வந்து நிறைய வேண்டும். அதற்கு எந்த மருந்தும் குறுக்கு வழி காட்டுவதில்லை.

கொட்டை நிறையாத காயில் மருந்து பட்டாலும் தோல் சிவக்கும். கண்ணுக்குப் பழமாகத் தெரியும். பல்பரில் போட்டால் சுருங்கிய, லேசான கொட்டை வரும். தண்ணீரில் மிதக்கும். காய்ந்த பிறகு எடை நிற்காது. வறுத்தால் நிறம் ஏறாது. குடித்தால் நாக்கில் துவர்க்கும். பச்சைக் காயாக இருந்தால் பறிப்பவர் விட்டுவைத்திருப்பார், அது இன்னும் ஒரு மாதத்தில் நல்ல பழமாகியிருக்கும். மருந்து அந்த வாய்ப்பையும் கெடுத்துவிடுகிறது.

ஆகவே, மருந்து அடிக்கும் முன் காய் முற்றியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதற்கு ஆய்வுக்கூடம் வேண்டாம். ஒரு கூர்மையான கத்தி போதும். தோட்டத்தில் மேடு, பள்ளம், வெயில், நிழல் என்று பல இடங்களிலிருந்து, செடியின் மேல், நடு, கீழ்க் கிளைகளிலிருந்தும் நூறு பச்சைக் காய்களைப் பறித்துக்கொள்ள வேண்டும். நன்றாக உள்ளவற்றை மட்டும் தேர்ந்து எடுப்பது தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வதாகும். ஒவ்வொன்றையும் குறுக்கே வெட்டிப் பார்க்க வேண்டும். உள்ளே நீராகவோ, நுங்கு போலக் கொழகொழவென்றோ இருந்தால் அது பிஞ்சு. கத்தி வழுக்கிக்கொண்டு சுலபமாக இறங்கினாலும் இன்னும் நாள் ஆக வேண்டும். கொட்டை அறை முழுவதும் நிறைந்து, கத்தி இறங்க மறுத்து, கொட்டையைச் சுற்றியுள்ள மெல்லிய ஓடு விறைப்பாக இருந்தால் அது முற்றிய காய். வெளித்தோற்றத்திலும் கரும்பச்சை மாறி, வெளிறிய மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும்.

நூற்றில் மிகப் பெரும்பாலானவை இப்படி முற்றியிருந்தால்தான் மருந்தைப் பற்றி யோசிக்கலாம். காலே பங்கு பிஞ்சாக இருந்தாலும் பொறுத்திருப்பதே மேல்.

பூத்த தேதியைக் குறித்து வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. மார்ச் 20-ல் ஒரு பூவும், ஏப்ரல் 25-ல் மறு பூவும் பூத்த அரபிகாத் தோட்டம் என்று வைத்துக்கொள்வோம். நவம்பர் 25 அன்று முதற்பூவின் காய்க்கு வயது 250 நாள். எட்டு மாதம் கடந்துவிட்டது. இரண்டாம் பூவின் காய்க்கு 214 நாள்தான், ஏழு மாதம். அன்று மருந்து அடித்தால் முதற்காய்க்கு மருந்து தேவையே இல்லை, இரண்டாம் காய்க்கு மருந்து கெடுதல். இரண்டாம் பூ சிறிதளவே என்றால் போகட்டும் என்று விடலாம். பாதிக்குப் பாதி என்றால் அந்த ஆண்டு மருந்தை மறந்துவிட்டு, இரண்டு பறிப்பாகவே எடுப்பது நல்லது. குளிர் அதிகமுள்ள உயரமான இடங்களில் காய் முற்ற இன்னும் சில வாரம் கூடும் என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

தெளிக்கும் முறை

பொதுவாக நூற்றுக்குப் பத்துப் பதினைந்து காய் சிவந்து, முதல் பொறுக்குப் பறிப்பு எடுக்கும் தருணமே ஏற்றது. முதலில் பழுத்ததைப் பறித்துவிட்டு, மறுநாளோ அதற்கு மறுநாளோ தெளிக்கலாம். பழுத்ததை விட்டுவைத்துத் தெளித்தால் அது கீழே உதிரும்.

மருந்தின் அளவைப் பி.பி.எம். என்ற கணக்கில் சொல்வார்கள். ஒரு பி.பி.எம். என்பது ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மில்லிகிராம் மூலமருந்து. எடுத்துக்காட்டாக 250 பி.பி.எம். கரைசல் 200 லிட்டர் பேரலுக்குத் தயாரிக்க வேண்டுமானால் மூலமருந்து 50 கிராம் வேண்டும். புட்டியில் இருப்பது நூற்றுக்கு 39 பங்குதான் மூலமருந்து. ஆகையால் புட்டி மருந்து எடைக்கணக்கில் 128 கிராம் ஆகிறது. இது தண்ணீரைவிடக் கனமான திரவம் என்பதால் மில்லி கணக்கில் இதைவிடக் குறையும். இந்தக் கணக்கு விளங்கிக்கொள்ளத்தான். புட்டியின் லேபிளில் காப்பிக்கு என்று அச்சிட்டுள்ள அளவையே கடைப்பிடிக்க வேண்டும். காப்பி என்ற பெயரே லேபிளில் இல்லாத புட்டியைக் கடைக்காரர் எவ்வளவு வற்புறுத்தினாலும் வாங்கக் கூடாது. மூடியால் அளந்து ஊற்றும் பழக்கம் இந்த மருந்துக்கு உதவாது. அளவு குவளை வேண்டும்.

போர்டோக் கலவை அடித்த பேரலையும் ஸ்பிரேயரையும் அப்படியே பயன்படுத்துவது பலர் செய்யும் தவறு. போர்டோக் கலவையில் சுண்ணாம்பு இருக்கிறது. சுண்ணாம்பு பட்டால் எத்திபான் பேரலிலேயே சிதைந்து எத்திலீன் காற்றோடு போய்விடும்; செடிக்கு வெறும் தண்ணீர்தான் போய்ச் சேரும். பேரல், குழாய், நாசில் எல்லாவற்றையும் நன்றாகக் கழுவ வேண்டும். சுண்ணாம்புத் தன்மையுள்ள கிணற்று நீரைவிட ஓடை நீரோ மழை நீரோ சிறந்தது. வேறு பூச்சி மருந்து, இலைவழி உரம் எதையும் இதோடு கலக்கக் கூடாது. கரைத்ததை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். நாளைக்கு என்று மூடி வைத்தால் வீரியம் போய்விடும்.

காய் உள்ள கிளைகளில் காய் நனையும்படி மட்டும் தெளித்தால் போதும். செடி முழுவதும் சொட்டச் சொட்ட நனைப்பது தேவையில்லாதது மட்டுமல்ல, கெடுதலும்கூட. தெளித்த சில மணி நேரத்துக்குள் மழை வந்தால் மருந்து கழுவிப் போகும். வானம் பார்த்து, காலைப் பனி உலர்ந்த பிறகு தெளிக்க வேண்டும். மிகக் குளிர்ந்த நாளில் மருந்து மெதுவாக வேலை செய்யும். உச்சி வெயிலில் வேகமாகச் சிதைந்து இலையைக் கொட்ட வைக்கும்.

நம் மலைத் தோட்டங்களுக்கு என்றே சொல்ல வேண்டிய எச்சரிக்கை ஒன்று உண்டு. பிரேசிலைப் போலக் காப்பி மட்டும் வெயிலில் நிற்கும் தோட்டங்கள் அல்ல இவை. பழனிமலையின் கீழ்ப்பகுதியில் காப்பியோடு மலைவாழை நிற்கிறது, ஆரஞ்சு நிற்கிறது, சில்வர் ஓக்கில் மிளகு ஏறியிருக்கிறது. இந்த மருந்துக்குக் காப்பி எது, வாழை எது என்று தெரியாது. பாதி முற்றிய வாழைத்தாரில் பட்டால் தார் மரத்திலேயே பழுத்துவிடும். மிளகுக் கொடியில் பட்டால் இலையும் சரமும் உதிர இடமுண்டு. காற்று வீசும் நாளில் தெளிக்காமலும், நாசிலைக் கீழ்நோக்கிப் பிடித்தும் இதைத் தவிர்க்க வேண்டும். ஊடுபயிர் நெருக்கமாக உள்ள பகுதியை விட்டுவிடுவதே பத்திரம்.

புட்டியில் உள்ள சரக்கு கடுமையான புளிப்புள்ளது. கண்ணில் தெறித்தால் புண்ணாக்கும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் அளக்கக் கூடாது. ஸ்பிரேயரின் உலோகப் பகுதிகளையும் இது அரிக்கும் என்பதால் வேலை முடிந்ததும் இரண்டு மூன்று தடவை கழுவி வைக்க வேண்டும். தெளித்த பிறகு எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்பது லேபிளில் இருக்கும். அதற்கு முன் பறிக்கக் கூடாது.

இலை கொட்டினால் அடுத்த ஆண்டு விளைச்சல்

எத்திலீன் பழுக்க வைக்கும் வாயு மட்டுமல்ல, உதிர வைக்கும் வாயுவும் ஆகும். அளவு மிஞ்சினால் முதிர்ந்த இலைகள் மஞ்சளாகிக் கொட்டும். சரியான அளவிலேயே ஓரளவு இலை கொட்டலாம். அரபிகாவில் அடுத்த ஆண்டுக்கான மொட்டு இந்த ஆண்டு வளர்ந்த கிளைப் பகுதியில் இலைக் கக்கத்தில் வருகிறது. அந்த இலைகள் கொட்டிவிட்டால் அடுத்த விளைச்சலுக்கு அடி விழும். இந்த ஆண்டு இரண்டு பறிப்புக் கூலி மிச்சமாகி, அடுத்த ஆண்டு கால் பங்கு விளைச்சல் போனால் அது லாபம் ஆகாது.

துரு நோய் தாக்கி ஏற்கெனவே இலை இழந்த செடி, காய்ப் பாரம் தாங்காமல் நுனி காய்ந்து வரும் செடி, தண்ணீர் இல்லாமல் வாடும் செடி, இளம் செடி ஆகியவற்றில் இந்த மருந்து கூடவே கூடாது. இலை நிறைந்து, உரம் கிடைத்து, திடமாக நிற்கும் செடிக்கே இது தாங்கும். கூலிச் செலவுக்கு அஞ்சி மருந்தை நாடுகிறவரின் தோட்டம், உரச் செலவுக்கும் அஞ்சி மெலிந்திருப்பது பல இடங்களில் காண்பதே. அப்படிப்பட்ட தோட்டத்தில் புட்டிக்குச் செலவிடும் பணத்தை உரத்துக்குச் செலவிடலாம்.

பல்பரும் களமும் தயாரா?

மருந்து சரியாக வேலை செய்தது என்றே வைத்துக்கொள்வோம். இரண்டு மூன்று வாரத்தில் தோட்டம் ஒன்றாகப் பழுத்து நிற்கிறது. அப்போதுதான் அடுத்த சிக்கல் தொடங்குகிறது.

ஓர் ஏக்கரில் 1,200 கிலோ பழம் வரும் என்று கொள்வோம். ஏறக்குறைய ஆறு கிலோ பழத்துக்கு ஒரு கிலோ சுத்தக் காப்பி என்ற கணக்கில் இது 200 கிலோ காப்பி. மருந்து இல்லாமல் பொறுக்குப் பறிப்பில் 100 கிலோ, பிறகு 500, 400, கடைசியில் 200 என்று இரண்டு மாதத்தில் பிரிந்து பிரிந்து வரும். மருந்து அடித்த தோட்டத்தில் பொறுக்குப் பறிப்புப் போக மீதி ஆயிரத்து நூறு கிலோவும் ஏறக்குறைய ஒரே வாரத்தில் வந்து சேரும். பறித்த பழத்தை அன்றைக்கே பல்பரில் விட வேண்டும். மூட்டையில் ஒரு ராத்திரி கிடந்தால் சூடேறிப் புளித்துவிடும். பல்பரில் விட்ட கொட்டையின் கொழகொழப்பு நீங்கத் தொட்டியில் ஒன்று ஒன்றரை நாள் கிடக்க வேண்டும். பிறகு கழுவ வேண்டும். களத்தில் நல்ல வெயிலில் ஒரு வாரம் பத்து நாள் காய வேண்டும். கைப்பல்பர் ஒன்றும், வீட்டு வாசல் அளவுக்குக் களமும் வைத்திருப்பவர் ஆயிரத்து நூறு கிலோவை ஒரே வாரத்தில் எப்படிச் சமாளிப்பார்? அதுவும் பருவமழை வானத்தில் நிற்கும்போது?

சமாளிக்க முடியாமல் முழுப் பழமாகவே காயப் போட்டால் அது செர்ரியாகிவிடும். பார்ச்மென்டுக்குக் கிடைக்கும் விலை வராது. செர்ரி காய்வதற்கு இரண்டு வாரத்துக்குக் குறையாமல் பிடிக்கும். நடுவில் மழை பிடித்தால் பூஞ்சணம். சிறு விவசாயியைப் பொறுத்தவரை, கொஞ்சங் கொஞ்சமாகப் பழுப்பது சில வேளை இயற்கை செய்யும் உதவி என்றே சொல்ல வேண்டும்.

ஆகவே மருந்தின் அளவைக் கணக்கிடும் முன் களத்தின் அளவைக் கணக்கிட வேண்டும். ஒரு வாரத்தில் எத்தனை கிலோ பழம் பல்பரில் விட்டுக் காய வைக்க முடியும் என்று பார்த்து, அந்த அளவு பழம் தரும் செடிகளுக்கு மட்டும் தெளிக்கலாம். பத்து நாள் கழித்து அடுத்த பகுதிக்குத் தெளிக்கலாம். இப்படிப் பகுதி பகுதியாகப் பிரித்தால் ஆளும் தொடர்ந்து வேலை செய்யும், களமும் திணறாது.

யாருக்குக் கட்டும்?

இயந்திரம் ஓடும் நாடுகளில் இந்த மருந்து செய்யும் மிச்சம் பெரிது. செங்குத்துச் சரிவும், நிழல் மரமும், மிளகுக் கொடியும் உள்ள நம் மலைகளில் கைதான் பறிக்க வேண்டும். இங்கே மிச்சம் என்பது தடவைகள் குறைவதில் மட்டுமே. வீட்டு ஆட்களே பறிக்கும் தோட்டத்துக்கு அந்த மிச்சமும் சொற்பம். கூலிக்கு ஆள் வைப்பவர், ஆள் இன்ன வாரம்தான் கிடைக்கும் என்ற நிலையில் உள்ளவர், பல்பரும் களமும் வசதியாக உள்ளவர், ஒரே பூவில் காய் பிடித்த ஆண்டு ஆகிய இவை எல்லாம் கூடினால் கட்டலாம். இயற்கை வேளாண்மைச் சான்று பெற்று விற்பவர்கள் இதைத் தொடவே கூடாது. செயற்கை ஊக்கிகளுக்கு அந்த முறையில் இடமில்லை. தனியாகத் தரம் பார்த்து வாங்கும் வியாபாரிக்குக் கொடுப்பவர்களும் முன்கூட்டியே அவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

முதல் ஆண்டு இருபது செடிக்கு மட்டும் அடித்து, பக்கத்தில் இருபது செடியை அடிக்காமல் விட்டுப் பார்க்கலாம். இரு பகுதிக்கும் பறிப்புக் கூலி எவ்வளவு, தண்ணீரில் மிதந்த கொட்டை எவ்வளவு, காய்ந்த எடை எவ்வளவு என்று தனித்தனியாக எழுதி வைக்க வேண்டும். அடுத்த ஆண்டு பூவையும் பார்த்துவிட்டே முடிவு செய்ய வேண்டும். தாண்டிக்குடியில் காப்பி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மற்ற பகுதிகளில் வாரியத்தின் விரிவாக்க அலுவலர்களைக் கேட்கலாம்.

எல்லா ஊக்கியும் ஒன்றல்ல

கடையில் ஊக்கி என்ற பெயரில் பல புட்டிகள் இருக்கும். பிளானோபிக்ஸ் போன்ற என்.ஏ.ஏ. மருந்து காய் உதிராமல் பிடித்து நிறுத்துவதற்கு. எத்திபானோ காம்பைத் தளர்த்துவது. ஒன்றுக்கு ஒன்று நேர் எதிர். பெயர் மாறி வாங்கி வந்தால் வினை வேறாகும்.

ஜிப்ரலிக் அமிலம் என்ற மற்றோர் ஊக்கியை மொட்டுப் பருவத்திலேயே தெளித்து, பூவை முன்னதாகவும் சேர்ந்தாற்போலும் மலரச் செய்யும் சோதனையை ஹவாயில் நடத்தி 1990-ல் வெளியிட்டார்கள். பூ சேர்ந்தால் பழமும் சேரும் என்ற சரியான வழியில் சிந்தித்த சோதனை அது. ஆனால் மொட்டு எந்தப் பருவத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து பலன் மாறும் என்பதால் சிறு விவசாயி தானாக இறங்கக் கூடியது அல்ல.

மருந்தில்லாமலே பூவைச் சேர்க்கும் வேலைகளும் உண்டு. பறிப்பு முடிந்ததும் கவாத்து செய்து, காய்ந்த கிளையையும் உள்ளே அடைத்த சிம்புகளையும் எடுத்துவிட்டால் செடிக்குள் வெளிச்சம் பரவும். காய் வயது நெருங்கி வரும். நிழல் மரத்தை ஒரு பக்கம் அடர்த்தியும் ஒரு பக்கம் வெட்டவெளியுமாக விடாமல் கிளை சீர் செய்ய வேண்டும். தண்ணீர் வசதியுள்ள ரொபஸ்டாத் தோட்டத்தில் பூமழைக்குக் காத்திராமல் ஸ்பிரிங்க்ளர் மூலம் ஓர் அங்குல மழை அளவுக்கு ஒரே தவணையில் நீர் கொடுக்கலாம். அரைகுறையாக நனைப்பது தவணை மழையைவிட மோசம். புதிதாக நடுபவர்கள் ரகங்களைக் கலந்து நடாமல் பாத்தி பாத்தியாகப் பிரித்து நடலாம்.

மருந்து அடித்த தோட்டமானாலும் அடிக்காத தோட்டமானாலும் கடைசிப் பறிப்புக்குப் பின் செடியில் ஒரு காய்கூட விடாமல் எடுத்து, தரையில் உதிர்ந்ததையும் பொறுக்கிவிட வேண்டும். காப்பிக் காய்த் துளைப்பான் 1990-ல் கூடலூர்ப் பகுதியில் முதன்முதலாகத் தென்பட்டது. விட்டுப்போன காய்க்குள் இருந்துகொண்டுதான் அது அடுத்த பருவம் வரை பிழைக்கிறது. எத்திபான் அடித்த தோட்டத்தில் காம்பு தளர்ந்து உதிரும் பழம் அதிகம். பறிப்பதற்கு முன் செடிக்கடியில் சாக்கையோ பாயையோ விரித்துக்கொண்டால் பொறுக்கும் வேலை பாதியாகக் குறையும்.